கணக்குப்பிள்ளைக்கு விழுந்த எட்டுகள்

நடுவர் காரை விட்டு இறங்கவே இல்லை. இறங்கினால் தூசி. கண்ணாடியை இறக்கினாலும் தூசி. அதனால் மைதானத்தின் தலைமாட்டில், வெள்ளை வேலிக்கு நேரெதிரே காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே குதிரைகளுக்கு மார்க் போட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுத பக்கத்து சீட்டில் ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் நான்.

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருக்கிறேன். எதிரில் நிற்பவர் என்ன புளுகினாலும் முகம் மாறாமல் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். “எங்க அக்காவும் இதுல ஓட்டறாங்களே சார், பரவாயில்லையா?” என்று கேட்டேன். “ஆரம்ப நிலைதானேம்மா. இதுல போய் யாரு உறவுமுறை பாக்கப்போறா” என்றார். அந்தக் கிளப்பில் உறவுமுறை பார்க்காமல் வைக்கோல் துரும்புகூட இடம் மாறாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

டிரெஸ்ஸாஜ் என்று இந்தப் போட்டிக்குப் பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. குதிரையை நேராக நடத்த வேண்டும், ட்ராட் என்கிற துள்ளுநடையும் கேன்டர் என்கிற மெல்லிய பாய்ச்சலும் ஓட வைக்க வேண்டும், வட்டம் போட வேண்டும், நிறுத்தி ஒரு வணக்கம் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். ஆரம்ப நிலையில் குதிரை ஆகாயத்தில் பறக்க வேண்டாம். பதறாமல், ஒரே தாளத்தில், வட்டத்தை வட்டமாகப் போட்டால் போதும் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நடுவர் வைத்திருந்தார். அதன்மேல்தான் பிஸ்கட் பொட்டலம் இருந்தது.

அக்கா பல் டாக்டர். நாளெல்லாம் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு போயிற்று. நிமிர்ந்து உட்காருகிற பழக்கம் வரட்டும் என்று குதிரையேறப் போனவள், கணக்குப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டாள். கணக்குப்பிள்ளை என்பது கிளப்பின் பயிற்சிக் குதிரை. ஒவ்வொரு காலையும் வரவு வைத்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுக்கும்; அதனால் அந்தப் பெயர். கரும்பழுப்பு நிறம், தொங்கின கீழுதடு, உலகத்தில் எதற்கும் அவசரமில்லை என்கிற கண். அக்கா கடுப்பில் இருக்கிற நாளில் அது நகராது. அவள் மூச்சை விட்டால் நகரும். “என் வீட்டுக்காரரே இத்தனை வருஷத்துல என் மூடைக் கண்டுபிடிச்சதில்லடி” என்பாள்.

அந்த வருஷம் கிளப் கமிட்டி ‘தர உயர்வு’ என்று ஒரு தீர்மானம் போட்டிருந்தது. ஆரம்பநிலைப் போட்டியில் அறுபது சதவீதம் வாங்காத பயிற்சிக் குதிரைகளை விற்றுவிடுவது. தரகர் ஏற்கெனவே வந்து கணக்குப்பிள்ளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாங்கினால் எங்கே அனுப்புவார் என்பதைச் சொல்லாமல் போயிருந்தார். நாமே வாங்கிவிடலாம் என்றால், கிளப் லாயத்தில் கமிட்டிக்காரர்களின் சொந்தக் குதிரைகளுக்குத்தான் இடம். அக்கா இருப்பது நாலாவது மாடி. அங்கே பால்கனியில் துணி காயப்போடவே இடமில்லை.

ஆக, அறுபது வேண்டும். மூன்று மாதமாக அவள் கிளினிக்கில் வந்த காகிதத்திலெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு விஷயம்” என்றார் நடுவர், நான் காரில் ஏறியதும். “நான் சொல்றத மட்டும் எழுதணும். எழுதறவங்க பேசக்கூடாது. அது உலகம் பூரா உள்ள விதி.”

“சரிங்க சார்.”

“பேசாதன்னேன்.”

தலையில் பெரிய வெள்ளைத் தொப்பி. காருக்குள் வெயில் எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை, விதி. அவர் திரைச்சீலை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். இரண்டு வாரக்கடைசி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி நடுவராகியிருந்தார். பழைய தொழில் கையை விட்டுப் போகவில்லை. குதிரை உள்ளே வந்ததும் சேணத்துக்கு அடியில் போட்டிருந்த துணியைத்தான் முதலில் பார்த்தார். “நல்ல குவில்ட்டிங்” என்று முனகினார். உடனே ஆறரை.

அதற்கும் முன்னால் அவர் பார்த்தது பட்டியலை. எந்த எண்ணில் யார், யாருடைய குதிரை என்று அதில் இருந்தது. முதலில் பெயர், அப்புறம் துணி, நேரமிருந்தால் குதிரை.

“ஆரம்ப நிலைன்னா ஆரம்பிக்கிறவங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு அஞ்சு” என்று எனக்கு விளக்கினார். “அதுக்கு மேல போட்டா தலைக்கனம் வந்துரும். ஆனா சில வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பொறப்புலயே வரும். அவங்களுக்கு அஞ்சு போட்டா நமக்குப் பாவம்.”

முதலில் வந்த பையன் பயிற்சிக் குதிரையில் அழகாக ஒரு வட்டம் போட்டான். தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வரைந்தமாதிரி இருந்தது. வட்டம் பாதிகூட முடியவில்லை, “அஞ்சு. வட்டத்தில் உயிர் இல்லை” என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை எடுத்தார். அடுத்து வந்தது கமிட்டி உறுப்பினரின் மருமகள். அவள் போட்டது வட்டமா முட்டையா என்று குதிரைக்கே குழப்பம். “ஏழு. கலைநயம்.” எழுதினேன். நடுவில் என் பென்சிலை வாங்கிக் காதைக் குடைந்து, அதன் முனையை வெளிச்சத்தில் பார்த்து, துடைக்காமல் என்னிடமே திருப்பித் தந்தார். அந்தப் பென்சிலாலேயே மேலே எழுதினேன்.

ஆறாம் எண், கிளப் தலைவரின் மகள். கடல் தாண்டி விமானத்தில் வந்த குதிரை. அதற்கு வம்சாவளியோடு நீண்ட பெயர் உண்டு. லாயத்தில் எல்லாரும் சக்கரவர்த்தி என்பார்கள். அதுவும் கரும்பழுப்புதான். ஏழாம் எண், அக்கா.

நடுவர் பிஸ்கட்டை வைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். சட்டையில் இருந்த துகளைத் தட்டினார். “இப்ப பாரு” என்றார்.

அந்த நேரத்தில் லாயத்துப் பக்கம் சக்கரவர்த்தியின் பிடரிமயிர்ப் பின்னல் ஒன்று அவிழ்ந்துவிட்டது. பின்னாமல் போனால் மானம் போய்விடும் என்று தலைவர் சொல்ல, செயலாளர் ஓடிப்போய் ஏழாம் எண்ணை முதலில் போகச் சொல்லிவிட்டு, அதைத் தெரிவிக்கக் காரை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடி மூடியிருந்தது. தனக்கு வைத்த வணக்கம் என்று நினைத்து நடுவரும் பதிலுக்குக் கையை உயர்த்தினார். செயலாளர் திருப்தியாகத் திரும்பிப் போனார்.

உள்ளே வந்தது கணக்குப்பிள்ளை. மேலே அக்கா. ஹெல்மெட்டும் கறுப்புக் கோட்டும் மாட்டினால் பல் டாக்டரும் தலைவர் மகளும் ஒரே அச்சு. கடிவாளத்தில் ஏழு என்று பலகை தொங்கியது. குதிரைமேல் இருக்கிற எண்ணைப் பார்த்துத் தாளை எடு என்பது செயலாளர் எனக்குச் சொல்லியிருந்த முறை. ஏழாம் தாளை எடுத்தேன். பிறகு வாயைத் திறந்தேன்.

“சார், இது வந்து...”

“பேசக்கூடாது” என்றார். கண் பட்டியலில் ஆறாம் வரியில் இருந்தது. “அந்த நடையைப் பாரு. எட்டு. வெளிநாட்டு ரத்தம் பேசுது.”

எழுதினேன். கணக்குப்பிள்ளையின் ரத்தம் எந்த நாளும் பேசி நான் கேட்டதில்லை. அது தன்பாட்டுக்கு வரவு வைத்துக்கொண்டே வந்து, நடுவில் நின்றது. அக்கா வணக்கம் வைத்தாள். ட்ராட்டில் வட்டம், மூன்று மாதக் காகிதங்கள் வீண் போகவில்லை. “எட்டு. இந்த மிதப்பு இருக்கே, இது சொல்லிக் குடுத்து வராது.” மிதப்பு என்று அவர் சொன்னது அதன் மூட்டுவலி. மூலைப் பூந்தொட்டியருகே கால் இடறி முழங்கால் மண்ணில் படப் போயிற்று. வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் ஐயோ என்றார்கள். நடுவர் தொடையில் தட்டினார். “ஏழரை. துணிச்சலான திருப்பம். எழுது.”

அக்கா வெளியே போனாள். என் கணக்கில் அவளுக்கு அறுபதுக்கு மேல் நியாயமாகவே வரும், இழுத்துப் பிடித்தால் அறுபத்திரண்டு. தாளில் இருந்தது எழுபத்துநாலு.

பின்னல் முடிந்து சக்கரவர்த்தி வந்தது. ஆறாம் தாளை எடுத்தேன். நடுவர் பட்டியலில் ஏழாம் வரியைப் பார்த்து, ‘கிளப் பயிற்சிக் குதிரை’ என்று படித்து, பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மதிக்க வேண்டியதில்லை என்று முடிவானதும் மனிதருக்குக் கண் தெரிய ஆரம்பித்துவிட்டது.

“என்ன இது, மூக்கை நெஞ்சுக்குள்ள கொண்டுபோய்ச் சொருகிக்கிட்டு வருது. நாலு. வார் இழுத்த இழுப்புல கழுத்து ஒடிஞ்சிரும். வாலைப் பாரு, எரிச்சல்ல சாட்டை மாதிரி வீசுது. நாலு. வாயைக் கட்டிப்போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. மூக்குப்பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும்னு விதி, இதுல ஊசி போகாது. நுரை செவப்பா இருக்கு, அது நல்லதுக்கில்ல. அஞ்சு. கேன்டர்ல பயம்தான் இருக்கு, தாளம் இல்ல. எழுது, எல்லாத்தையும் எழுது. இந்த மாதிரி குதிரையைக் கெடுக்கிறவங்களுக்கு ஈவு இரக்கமே காட்டக்கூடாது.”

அத்தனையும் உண்மை. அன்று காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. கை வலிக்க எழுதினேன். நாற்பத்தொன்பது.

மதியம் பலகையில் மார்க் ஏறியதும் கிளப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தலைவரின் சத்தம். அக்காவையும் என்னையும் நடுவரையும் செயலாளரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்கள். சுவர் முழுக்கக் கோப்பைகள். மேஜையில் இரண்டு தாள்கள்.

“நாப்பத்தொம்பது” என்றார் தலைவர். “என் குதிரை நின்னாலே அம்பது வரும்.”

நடுவர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வியாபாரி, துணியில் ஓட்டை விழுந்தால் அங்கே ஒரு மடிப்பு வைக்கத் தெரியும்.

“இந்தம்மா தாளை மாத்தி எழுதிட்டாங்க” என்றார். “நான் சொன்னது சரி. பேருதான் இடம் மாறிப் போச்சு. மாத்திப் போட்டா முடிஞ்சது.”

அக்கா இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. பூட்ஸில் மைதானத்துத் தூசி. மாற்றிப் போட்டால் கணக்குப்பிள்ளைக்கு நாற்பத்தொன்பது. தரகர் நாளைக்கே வந்துவிடுவார். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

“அவ எழுத்துல பிழை வராது” என்றாள்.

“நீங்க அக்கா, அப்படித்தான் சொல்வீங்க டாக்டர்” என்றார் தலைவர்.

“சரி, தாளே சொல்லட்டும்.” எழுபத்துநாலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இதுல ‘பூந்தொட்டி மூலை, துணிச்சலான திருப்பம், ஏழரை’ன்னு இருக்கு. அந்த மூலையில இடறினது எங்க கணக்குப்பிள்ளை. வேலியோரம் நின்னவங்க அத்தனை பேரும் பாத்தாங்க. இந்தத் தாளை உங்க பொண்ணுக்குக் குடுத்தா, அவ குதிரை இடறினதா ஆயிரும்.”

தலைவர் அந்த வரியைப் படித்தார். பிறகு மற்ற தாளைப் படித்தார். அவர் கழுத்து சிவந்தது.

“ஊசி போகாதுன்னு எழுதியிருக்கு” என்றார் நடுவரிடம். “யாரைச் சொன்னீங்க?”

“அது... பொதுவாச் சொன்னது.”

“என் குதிரையையா?”

“உங்க குதிரைன்னு தெரிஞ்சா நான் ஏன் சார் சொல்றேன்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செயலாளர் கோப்பைகளை எண்ணுவதுபோல் சுவரைப் பார்த்தார். யாராவது ஒருவர் வெளியே போய் இரண்டு குதிரைகளையும் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். லாயம் இருபதடி தள்ளி இருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

“வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. பூசி மெழுகிடலாம்” என்றார் செயலாளர் மெதுவாக. “ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா?”

தலைவர் மேஜையிலிருந்த கால்குலேட்டரைத் தட்டினார். “அறுபத்தொண்ணரை.”

“அரையை மேல தூக்கிக்கலாம். ரெண்டு பேருக்கும் அறுபத்திரண்டு. ரெண்டு பேரும் முதல் இடம். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல.”

அறையில் காற்று வந்தது. நடுவர் மளமளவென்று தலையாட்டினார்; நியாயமான மார்க் என்றும் சொன்னார். ஆனால் மார்க் ஏன் மாறியது என்று ஒரு விளக்கம் வேண்டும். எழுதியவரின் கைப்பிழை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கணக்குப்பிள்ளை லாயத்திலேயே இருக்கும். போடாவிட்டால் மறுபடி விசாரணை, கமிட்டி, தீர்மானம், அதற்குள் தரகர்.

“வேண்டாம்டி” என்றாள் அக்கா.

“விடு. நம்ம கோர்ட்டுல பாக்காததா.” பேனாவை எடுத்துக்கொண்டு நடுவர் பக்கம் திரும்பினேன். “சொல்லுங்க சார். நீங்க சொல்றத மட்டும் எழுதறேன்.”

அவர் தொண்டையைச் செருமினார். “நடுவர் ஆறாம் எண் குதிரையைப் பார்த்துச் சொன்னதை...”

“எந்த மார்க்கைச் சொன்னதை சார்? எழுபத்துநாலா, நாப்பத்தொம்பதா?”

“அது... நடுவர் ஏழாம் எண் குதிரையைப் பார்த்து...”

“இடறினதைப் பாத்தா, ஊசியைப் பாத்தா?”

அவர் வாய் மெல்வதுபோல் அசைந்தது, பிஸ்கட் இல்லை. எப்படிச் சொன்னாலும், ஏதோ ஒரு குதிரையை அவர் பார்க்கவில்லை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தலைவர் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி ‘எழுத்துப் பிழை காரணமாக’ என்று மட்டும் எழுதி நீட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன். பழைய தாள்களைச் செயலாளர் நாலாகக் கிழித்தார். புதிதாக இரண்டு தாள் எழுதச் சொல்லி, இரண்டிலும் ஒரே வாசகம் சொன்னார் நடுவர்: “இயல்பான நடை. இனிய இணக்கம்.” அதையும் எழுதினேன்.

பரிசு மைதானத்தில். புகைப்படக்காரர் இரண்டு குதிரைகளையும் பக்கம் பக்கமாக நிறுத்தினார். இரண்டின் தலையிலும் ஒரே நிறப் பூ ரிப்பன். கணக்குப்பிள்ளை தன் ரிப்பனைச் சாப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன்மேல் இருந்தாள். கண் மட்டும் பக்கத்துக் குதிரையின் வாயில் இருந்தது. நாலாயிரம் வாய் பார்த்தவளுக்கு அந்த வாயைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உதட்டோரம் நுரை காய்ந்து ரோஜா நிறத்தில் ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் தளர்த்தும்மா” என்றாள் தலைவர் மகளிடம், மெல்ல.

“போட்டோ முடியட்டும் ஆன்ட்டி. கோச் பாத்தா திட்டுவாரு.” கெட்ட பெண் இல்லை. குரலில் களைப்பு இருந்தது. “அதுக்கு வலிக்குதுன்னு எனக்கும் தெரியும். லூசா விட்டா வாயைத் தொறக்குது.”

“டாக்டர், இங்க பாருங்க. பல்லு தெரியட்டும்” என்றார் புகைப்படக்காரர். தலைவர் நடுவில் வந்து நின்று இரண்டு குதிரைகளின் கழுத்திலும் கை போட்டார். நடுவர் தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டார். படம் எடுத்தாயிற்று. அக்காவின் பல் மட்டும் தெரியவில்லை.

எல்லாரும் தேநீருக்குக் கலைந்தபோது பெண் கீழே இறங்கி, கடிவாளத்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு எடுத்த போட்டோவை அப்பாவோடு பார்க்கப் போனாள். அக்கா இறங்கினாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சக்கரவர்த்தியின் தாடைக்கு அடியில் விரலை விட்டு, மூக்குப்பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். தோலில் பட்டையின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, மயிர் நனைந்து படிந்திருந்தது. குதிரை ஒரு கணம் நம்பாமல் நின்றது. அப்புறம் வாயைத் திறந்தது. திறந்துகொண்டே போயிற்று. கொட்டாவி மாதிரி ஒன்று, ஆனால் முடியவே இல்லை. நாக்கு வெளியே வந்து தொங்கியது. அதன் குறுக்கே கடிவாள இரும்பு படுத்த இடத்தில் ஊதாநிறத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. ஓரத்தில் புண்.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். நோயாளியிடம் பேசுகிற அதே குரலில், “ஆமா, ஆமா, தொறந்தே வச்சிரு, ஒண்ணுமில்ல” என்றாள்.

கையில் தேநீரோடு நடுவர் அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார். இந்த முறை காருக்குள் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். நாக்கு அவர் கண்ணுக்கு நேரே தொங்கியது.

“பாத்தீங்களா டாக்டர், எப்படி வாயைப் பொளக்குதுன்னு” என்றார் அக்கறையாக. “அடுத்த நிலையில இதுக்கெல்லாம் மார்க் கொறைப்பாங்க. திறந்த வாய், கீழ்ப்படியாமை. நானே ரெண்டு மார்க் எடுத்துருவேன்.” பிறகு தேநீர் மேஜைப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். “பாப்பா, இங்க வாம்மா. உன் குதிரைக்குப் பட்டை கழண்டு போச்சு.”

பெண் ஓடி வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், குதிரையின் நாக்கை இரண்டு விரலால் உள்ளே தள்ளி, பட்டையை இழுத்து, பழைய ஓட்டையில் கொக்கியை மாட்டினாள். மாட்டிய பிறகு நடுவரைப் பார்த்தாள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, திரைச்சீலை தைத்து முடித்ததும் தள்ளி நின்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இப்ப அழகா இருக்கு” என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். திறந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அறுபத்திரண்டு எழுதிய மை காய்வதற்கு முன்னால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வார்கள். பின்னால் கணக்குப்பிள்ளை, தனக்கு எங்கும் போகவேண்டிய வேலை இல்லை என்பதுபோல், அவள் தோளில் கீழுதட்டை வைத்து நின்றிருந்தது.

வாயை மூடிக்கொண்டாள். கணக்குப்பிள்ளையின் வாரைப் பிடித்து லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிய கையை மறுபடியும் கழுவினாள்.